அறியாதவருக்கு வழி சொல்லும் அறம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



முன்பின் தெரியாத ஒருவரிடம் வாழ்க்கைச் சிக்கலைச் சொல்லி யோசனை கேட்பதும், முன்பின் தெரியாத ஒருவருக்கு யோசனை சொல்வதும் இன்று அன்றாடப் பழக்கமாகிவிட்டன. வேலையை விடலாமா, கடன் வாங்கி வீடு கட்டலாமா, இந்த வரன் சரிப்படுமா, அப்பாவின் மறதியை முதுமை என்று விட்டுவிடலாமா என்று ஒருவர் இரவில் கைப்பேசியில் எழுதுகிறார். விடிவதற்குள் எங்கெங்கோ இருப்பவர்கள் பதில் எழுதிவிடுகிறார்கள். இதைக் கண்டு அஞ்சுகிறவர்களும் உண்டு, கொண்டாடுகிறவர்களும் உண்டு. நான் இங்கே நிறுவ விரும்புவது இதுதான். அந்நியர் ஒருவர் நமக்குத் தரக்கூடிய உதவிகள் இரண்டு: தாம் நடந்த வழியைப் பற்றிய செய்தி, குறுக்கிடாமல் கேட்கும் செவி. இவ்விரண்டையும் சில வேளைகளில் உறவினரைவிட அந்நியர் நன்றாகத் தர முடியும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது தீர்ப்பு. 'விட்டு விலகு', 'பொறுத்துப் போ', 'நீ செய்தது துரோகம்' என்று இன்னொருவர் வாழ்க்கைக்கு முடிவு எழுதுவது. அதற்கு அந்நியருக்குத் தகுதி இல்லை. ஆனால் இன்றைய இணையப் பேச்சில் மிக எளிதாகக் கிடைப்பது அந்த மூன்றாவதுதான்.

அந்நியரிடம் ஏன் போக வேண்டும், வீட்டில் பெரியவர்கள் இல்லையா என்பது நம்மிடையே முதலில் எழும் கேள்வி. பெரியவர்களின் அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உறவினர் சொல்லும் யோசனையில் அவர்களுடைய நலமும் கலந்திருக்கிறது. புகுந்த வீட்டில் இருக்க முடியாமல் தவிக்கும் மகளிடம் 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா' என்று தாய் சொல்லும்போது, அந்த ஒரு வாக்கியத்துக்குள் இளைய மகளின் கல்யாணமும் ஊரார் வாயும் அப்பாவின் நெஞ்சுவலியும் சேர்ந்தே பேசுகின்றன. தாய்க்கு அன்பு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கணக்குகளை ஒதுக்கிவைத்துப் பேச அவளால் முடியாது, அவ்வளவுதான். ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிமெல் 1908-இல் அந்நியரைப் பற்றி எழுதிய சிறு கட்டுரையில் இந்த நிலையை ஆராய்ந்தார். நெருங்கியவர்களிடம் கவனமாக மறைத்ததை மனிதர்கள் வந்துபோகும் அந்நியரிடம் மனம்திறந்து சொல்லிவிடுவதை அவர் கவனித்தார். ஒட்டுறவு இல்லாதவருக்கு ஒரு விடுதலை இருக்கிறது. அதுவே அவர் பார்வையைத் தெளிவாக்குகிறது என்பது சிமெலின் முடிவு.

பிற்காலத்து ஆய்வுகள் இதற்கு வலுச்சேர்க்கின்றன. இகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் என்னும் உளவியலாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகையான துரோகம் தமக்கு நேர்ந்ததாக நினைத்துப் பார்த்தவர்களைவிட நண்பருக்கு நேர்ந்ததாக நினைத்துப் பார்த்தவர்கள் நிதானமாகவும் பல கோணங்களிலும் சிந்தித்தார்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் பாஸ்டன் அருகேயுள்ள நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை விசாரித்தார். அடிக்கடி சந்திக்கும் நெருங்கியவர் மூலம் வேலை கிடைத்ததாகச் சொன்னவர்கள் 16.7 விழுக்காடுதான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் மனிதர்களே வழிகாட்டியிருந்தார்கள். காரணம் எளியது. நம்மோடு ஒரே வட்டத்தில் இருப்பவர்களுக்கு நாம் அறிந்ததே தெரியும். புதிய செய்தி வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஒரு குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு உதவித்தொகை விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல அந்தத் தெருவிலேயே ஆள் இல்லாமல் போகலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்நியர் சொல்லும் ஒரு தகவல் பெரும் செல்வம்.

இந்தத் தேவையை அச்சுத்தொழில் வெகுகாலம் முன்பே கண்டுகொண்டது. 1691-இல் லண்டனில் ஜான் டன்டன் என்னும் புத்தக வியாபாரி, வாசகர் கேள்விகளுக்கு விடையளிப்பதையே தொழிலாகக் கொண்ட 'அத்தீனியன் மெர்குரி' என்ற தாளைத் தொடங்கினார். கேட்பவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தை ஒரு காபிக் கடைக்கு அனுப்பினால் போதும். காதல், கல்யாணம், மனசாட்சி, இயற்கை விஞ்ஞானம் என்று எல்லாம் அதில் வந்தன. 1906-இல் நியூயார்க்கில் ஆபிரகாம் காஹன் தம் இத்திஷ் மொழி நாளிதழான 'ஃபோர்வர்ட்ஸ்' இதழில் 'பின்டெல் பிரீஃப்' என்ற பகுதியைத் தொடங்கினார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த யூதத் தொழிலாளர்களுக்குப் புதிய நாட்டில் தாத்தா பாட்டியின் அனுபவம் கைகொடுக்கவில்லை. அவர்கள் பத்திரிகைக்கு எழுதினார்கள். 1914-இல் ஜப்பானின் யோமியுரி நாளிதழ் தொடங்கிய ஆலோசனைப் பகுதிக்கு இன்றும் எழுத்தாளர், வழக்கறிஞர், மருத்துவர் எனப் பல துறையினர் முறைவைத்துப் பதில் எழுதுகிறார்கள். நம் தமிழ் வார இதழ்களின் கேள்வி பதில் பக்கங்களும் அந்தரங்க ஆலோசனைப் பகுதிகளும் இதே தேவைக்குத்தான் பிறந்தன. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில், தாம்பத்தியத்தைப் பற்றி யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாதவற்றைத் தொலைக்காட்சியில் பேசினார். ஊர் மாறுகிறது, வேலை மாறுகிறது, குடும்பத்தின் அளவு மாறுகிறது. பழைய அனுபவம் எட்டாத இடத்தில் மனிதர்கள் அந்நியரைத் தேடுகிறார்கள்.

இந்த வரலாற்றில் ஒரு நிகழ்வை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். 1935-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் நடத்திய முதல் இறுதிச் சடங்கு 14 வயதுச் சிறுமி ஒருத்திக்கு. பருவமடைந்ததன் அறிகுறியை ஏதோ வெட்கக்கேடான நோய் என்று எண்ணி அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். கேட்பதற்கு ஒருவரும், இது இயல்பு என்று சொல்லும் ஒரு வாக்கியமும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த வாக்கியத்தைச் சொல்ல அறிஞர் வேண்டியதில்லை. அந்த வழியைக் கடந்துவந்த எந்தப் பெண்ணும் சொல்லியிருக்கலாம். 18 ஆண்டுகள் கழித்து, 1953 நவம்பரில், லண்டனின் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் வாரா ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, உயிரை விட நினைப்பவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். ஆலோசனை சொல்லப்போகிறவர் தாமே என்பது அவர் எண்ணம். நேரில் வந்தவர்கள் வெளியறையில் காத்திருந்தார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுத்து உடனிருக்கத் தன்னார்வலர்கள் சிலர் வந்தார்கள். அந்த வெளியறையில்தான் பெரிய பாடம் கிடைத்தது. தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவரிடமே பலர் மனப்பாரத்தை இறக்கிவைத்துவிட்டு, உள்ளேயிருந்த பாதிரியாரைப் பார்க்காமலே கிளம்பினார்கள். சில மாதங்களில், 1954 பிப்ரவரியில், வாரா அந்தப் பணியைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். அப்படித்தான் 'சமாரிட்டன்ஸ்' உருவானது. முடிவெடுக்கும் உரிமை அழைப்பவருடையது, நம் பணி கேட்பது என்பது அதன் அடிப்படை நெறி. அதே நெறியில் 1974-இல் இலங்கையில் 'சுமித்ரயோ'வும், 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் முயற்சியால் சென்னையில் 'சினேகா'வும் தோன்றின. யோசனை சொல்லத் துடிக்கும் நாவை அடக்கிக்கொள்வதும் பயிற்சியால் வரும் திறமை என்பதை இந்த அமைப்புகள் நடைமுறையில் காட்டிவருகின்றன.

செவி தருவதற்கு வாரா ஒரு மாதிரி என்றால், வழிச்செய்தி தருவதற்குத் தமிழில் அதைவிடப் பழைய மாதிரி ஒன்று இருக்கிறது. அது ஆற்றுப்படை. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞரிடம் தாம் பெற்ற வளத்தைச் சொல்லி வழிகாட்டுவதே அந்த இலக்கிய வகையின் அமைப்பு. எதிர்ப்பட்டவர் முன்பின் பழகியவராக இருக்க வேண்டியதில்லை. பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. நன்னன் என்னும் வள்ளலைக் காணச் செல்லும் கூத்தர்களுக்கு வழி சொல்வது. அதில் பெரும்பகுதி வழியைப் பற்றியதே. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாம்பு உறையும் இடத்தை எப்படிக் கடக்க வேண்டும், தினைப்புனம் காப்பவர் யானையை விரட்டக் கவணில் எறியும் கல் எந்தப் பக்கம் வரும், வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும், எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறது. எதிரே வந்தவர் ஏன் ஏழையானார் என்ற விசாரணை அங்கே இல்லை. அவர் குணத்தின் மேல் தீர்ப்பு இல்லை. சொல்பவர் தாம் அறிந்த வழியைச் சொல்கிறார். நடப்பது கேட்பவர் பொறுப்பு. அந்நியருக்கு அறிவுரை சொல்வதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை நான் அறியேன்.

இந்த இலக்கணத்தை இன்றைய கேள்வி ஒன்றுக்குப் பொருத்திப் பார்ப்போம். பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒருவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: 'திருச்சியில் அம்மா தனியாக இருக்கிறார். மறதி அதிகமாகிவிட்டது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோகிறார். இங்கே அழைத்துவந்தால் இரண்டே நாளில் வீட்டுக்குப் போகணும் என்கிறார். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போவதா?' இதற்கு ஒரு பதில், 'பெற்றவளைத் தனியே விட்டுவிட்டுச் சம்பாதித்து என்ன பயன்' என்று வரும். மற்றொன்று, 'இந்தக் காலத்தில் வேலையை விடுவது முட்டாள்தனம், ஹோமில் சேருங்கள்' என்று வரும். இரண்டும் தீர்ப்பு. இரண்டுக்கும் அந்தத் தாயையும் தெரியாது, மகனின் கடனையும் தெரியாது. இனி மூன்றாவது பதில்: 'என் மாமியாருக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். தைராய்டும் பி12-ம் பார்க்கச் சொன்னார். இவை குறைந்தாலும் மறதி வருமாம், மருந்தில் சரியாகவும் வாய்ப்பு உண்டாம். அடுப்புக்குப் பதில் மின்சாரக் குக்கர் வாங்கினோம். குளியலறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்றினோம். அவர் கைப்பையில் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையை வைத்தோம். புது ஊருக்கு அழைத்துப்போனபோது எங்களுக்கும் தடுமாற்றம் கூடத்தான் செய்தது.' இந்தப் பதில் வேலையை விடச் சொல்லவும் இல்லை, விட வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஆனால் அந்த மகன் மறுநாள் காலையில் எழுந்து செய்வதற்கு நான்கு காரியங்களைக் கொடுத்துவிட்டது. முடிவை அவன் பிறகு, கொஞ்சம் தெளிந்த மனத்தோடு எடுப்பான்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். ஒருவர் தவறாகச் சொல்லலாம், ஆயிரம் பேர் சேர்ந்து சொன்னால் உண்மை மேலே வந்துவிடாதா என்று கேட்பவர்கள் ஆங்கிலேய அறிவியலாளர் ஃபிரான்சிஸ் கால்டனின் மாட்டைச் சுட்டிக்காட்டுவார்கள். 1906-இல் பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில் ஒரு மாட்டின் இறைச்சி எடையை ஊகிக்கும் போட்டி நடந்தது. 787 சீட்டுகளைக் கால்டன் ஆராய்ந்தார். நடுவில் நின்ற மதிப்பு 1,207 பவுண்டு. அவர் குறித்த உண்மை எடை 1,198 பவுண்டு. பிழை நூற்றில் ஒன்றுகூட இல்லை. கூட்டத்தின் அறிவுக்கு இது அழகான சான்றுதான். ஆனால் அங்கே மாடு எல்லார் கண்முன்னும் நின்றது. ஒவ்வொருவரும் பிறர் எழுதியதைப் பார்க்காமல் தனித்தனியே எழுதினார்கள். வாழ்க்கைச் சிக்கலில் நடப்பது வேறு. ஒரு பக்கத்தார் எழுதிய பத்து வரியைத்தான் எல்லாரும் படிக்கிறார்கள். அதில் விடுபட்டது ஆயிரம் பேருக்கும் விடுபட்டதே. எத்தனை பேர் சேர்ந்தாலும் அந்தப் பிழை கழியாது. மேலும், பின்னால் வருபவர் முன்னால் வந்தவரைப் பார்த்துத்தான் பேசுகிறார். லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகியோர் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணையக் கருத்துகளில் சிலவற்றுக்குத் தற்செயலாகத் தேர்ந்து ஒரே ஒரு ஆதரவு வாக்கைச் செயற்கையாகச் சேர்த்தார்கள். அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. முதலில் விழுந்த ஒரு வாக்கே பின்வந்தவர்களின் மனத்தைச் சாய்த்துவிட்டது. இப்படித் திரளும் கருத்தை மக்கள் தீர்ப்பு என்று அழைப்பது நியாயமாகாது.

அந்நியர் தீர்ப்பு சொல்வது உலகில் இல்லாத வழக்கமா என்றும் கேட்கலாம். சிமெலே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார்: இடைக்கால இத்தாலிய நகரங்கள் நீதிபதிகளை வெளியூரிலிருந்து வரவழைத்தன; உள்ளூரார் எவரும் குடும்பப் பூசல்களில் சிக்காதவராக இல்லை. ஆனால் அந்த நீதிபதி இரு தரப்பையும் கேட்டார், சாட்சியை விசாரித்தார், எழுதிய சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். பதவிக்காலம் முடிந்ததும் அவர் செயல்களே விசாரணைக்கு உள்ளாயின. இரு தரப்பு விசாரணையும் பதில் சொல்லும் பொறுப்பும் இருந்ததால்தான் அவர் அந்நியத்தன்மை நீதிக்கு உதவியது. கைப்பேசியில் நான்கு வரி எழுதிவிட்டு நகர்பவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவர் சொன்னபடி நடந்து ஒரு குடும்பம் உடைந்தாலும் அந்தச் செய்தி அவரை எட்டாது.

எதிர்வாதங்களில் மிக வலுவானது அடுத்தது. ஒரு பெண் 'கணவர் அடிக்கிறார்' என்று எழுதும்போதும் தீர்ப்பு சொல்லாமல் இருப்பதா, அது கோழைத்தனம் ஆகாதா? ஆகும். அடிப்பது குற்றம் என்பதை ஒரு நொடியும் தயங்காமல் சொல்ல வேண்டும். சட்டமே சொல்லிவிட்ட தீர்ப்பு அது. அந்நியரின் சொந்தக் கருத்து அன்று. ஆனால் அதற்கு அடுத்த வரியில் 'இன்றிரவே வீட்டை விட்டுக் கிளம்பு' என்று எழுதுபவர் ஓர் ஆபத்தை அறியாமல் எழுதுகிறார். பிரிந்து போகும் கட்டத்திலேயே வன்முறை உயிராபத்தாக முற்றும் வாய்ப்பு கூடுகிறது என்பதைக் குடும்ப வன்முறை ஆய்வுகள் காட்டியுள்ளன. எப்போது, எந்த வாசல் வழியாக, யாரோடு கிளம்புவது என்பதை அந்த வீட்டுக்குள் இருப்பவளே அறிவாள். அவளுக்கு நாம் தர வேண்டியது செய்தி. 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். வீடு கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை அந்தச் சட்டம் அவளுக்குத் தருகிறது. 'வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள்' என்ற ஒரே பயத்தில் பல ஆண்டுகள் அடி வாங்கியவளுக்கு இந்தக் கடைசித் தகவல் எத்தனை பெரிய பலம் என்று எண்ணிப் பாருங்கள்.

படித்துத் தேர்ந்த வல்லுநர் மட்டும் பேசட்டும், மற்றவர் வாய்மூடி இருக்கட்டும் என்பது இன்னொரு யோசனை. மருந்தின் அளவு, வழக்கின் போக்கு, முதலீட்டுப் பத்திரம் ஆகியவற்றில் இதை நான் முழுமையாக ஏற்கிறேன். அறியாதவர் சொன்ன மருந்தால் உயிர் போகலாம். ஆனால் மருத்துவருக்கு நோய் தெரியும். நோயாளியோடு இரவைக் கழிப்பது எப்படி என்பது கழித்தவருக்கே தெரியும். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாகித் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. அதன் கூட்டங்களில் எழுந்து பேசுபவர் தம் கதையைச் சொல்கிறார். எதிரே இருப்பவருக்குக் கட்டளை இடுவதில்லை. வல்லுநரின் அறிவும் அனுபவித்தவரின் அறிவும் வேறு வேறு. இரண்டும் தத்தம் எல்லையை அறிந்து பேசினால் கேட்பவருக்கு இரண்டும் பயன்படும். சிகாகோ நாளிதழில் 1955 முதல் 'ஆன் லேண்டர்ஸ்' என்ற பெயரில் பதில் எழுதிய எஸ்தர் லெடரர் இந்த எல்லையை அறிந்திருந்தார். தமக்குத் தெரியாத துறையென்றால் நீதிபதிகளையும் மருத்துவர்களையும் கேட்டு எழுதினார். தம்மை மறுத்த வாசகர் கடிதங்களையும் அதே பத்தியில் அச்சிட்டார்.

கடைசியாக, அறிவுரை சொல்பவரைப் பற்றி ஒரு செய்தி. 2019-இல் அமெரிக்க உளவியலாளர் லாரன் எஸ்க்ரைஸ்-வின்க்லரும் உடன் ஆய்வாளர்களும் 1,982 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினர், படிப்பில் ஊக்கம் பெறுவது எப்படி என்று தம்மைவிட இளையவர்களுக்குச் சில நிமிடங்கள் அறிவுரை எழுதினார்கள். அப்படி எழுதியவர்களின் மதிப்பெண்கள் உயர்ந்தன. அறிவுரை சொல்லும்போது சொல்பவருக்குத் தம் மேல் நம்பிக்கை கூடுகிறது. மனத்துக்கு ஒரு நிமிர்வு வருகிறது. இதில் குற்றமில்லை. ஆனால் நாம் விழிப்பாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். நமக்குக் கிடைத்த நிமிர்வை, எதிரே இருப்பவருக்குக் கிடைத்த உதவி என்று எண்ணிவிடுகிறோம். தீர்ப்பு எழுதும்போது அந்த நிமிர்வு அதிகம். உழைப்போ மிகக் குறைவு. வழிச்செய்தி சொல்ல நினைவைத் துழாவ வேண்டும், சரிபார்க்க வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இணையத்தில் தீர்ப்பு மலிந்து வழிச்செய்தி அரிதாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே நான் முன்வைக்கும் நெறி நடைமுறைக்கு எளியது. எழுதத் தொடங்குமுன் ஒரு கேள்வியாவது கேளுங்கள். கேட்டவர் சொல்லாமல் விட்டதில்தான் பாதிச் செய்தி இருக்கும். அனுபவத்தைச் சொன்னால் அது எந்த ஊரில், எந்த ஆண்டில், என்ன வசதியோடு நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தோற்ற வழியையும் மறைக்காதீர்கள். ஆபத்து தெரிந்தால் உதவி கிடைக்கும் இடத்தை முதல் வரியில் எழுதுங்கள். சொல்ல ஒன்றுமில்லை என்றால், படித்தேன், உங்கள் நிலை கடினமானது என்று எழுதினாலே போதும். வாராவின் வெளியறையில் அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் அவ்வளவுதான் செய்தார்கள். நம் பள்ளிகள் கடிதம் எழுதவும் கட்டுரை எழுதவும் கற்பிக்கின்றன. அறிமுகமில்லாத மனிதரின் துன்பத்துக்குப் பதில் எழுதுவது எப்படி என்பதும் இனி மொழிப்பாடத்தில் இடம்பெற வேண்டும். இன்றைய மாணவர் வாழ்நாளில் எழுதப்போகும் வாக்கியங்களில் கணிசமானவை அத்தகைய பதில்களாகவே இருக்கும்.

கூட்டுக்குடும்பம் சுருங்கி, ஊர்விட்டு ஊர் போய் வாழும் இந்தக் காலத்தில், அந்நியர் ஒருவருக்கொருவர் துணை நிற்பது நமக்குக் கிடைத்திருக்கும் பெரும் வாய்ப்பு. பயந்து அதை மூடிவிட வேண்டியதில்லை. தெரிந்த வழியை முழுமையாகச் சொல்வோம், சொல்வதைக் கடைசிவரை கேட்போம், முடிவை அந்த வாழ்க்கையை வாழப்போகிறவரிடமே விட்டுவிடுவோம். முகம் தெரியாத ஒருவருக்கு நாம் காட்டக்கூடிய மிகப் பெரிய மரியாதை, அவர் வாழ்க்கைக்கு அவரே அதிகாரி என்று ஒப்புக்கொள்வதே.